ஒரே மாதிரி வளர்த்தேன் என்று சொன்ன பொய்

மகன்,

ஸலாம் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே "நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல்" என்று வழக்கப்படி எழுதத்தான் கை வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த மனுஷன், முதல் வரியிலேயே பொய் எழுதக் கூச்சப்படுகிறான் என்று வைத்துக்கொள். நாங்கள் நலமாக இல்லை. உன் உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு பாலாவியில் இந்த வீட்டில் நானும் உன்னோடு ஒன்றாய்ப் பிறந்த ஹஸனும் மட்டும்தான். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவன் என்னோடு கதைத்துப் பதினோரு நாளாகிறது. சோற்றுக்கு ஆணம் வேண்டுமென்றால் கோப்பையைத் தள்ளிவிடுகிறான், நான் ஊற்றுகிறேன். அவனுடைய நிக்காஹ்வுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. இத்தனைக்கும் காரணம் நீதான் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதத்தான் போகிறேன். என் பங்கும் பின்னால் வரும், அவசரப்படாதே.

முதலில் உன் பங்கு. போன நோன்பு மாதம் ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு நீ வீடியோவில் வந்தாய். நீ இருக்கிற ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, நீயும் ஹஸனும் சேர்ந்தால் பெரிய உதவி என்றாய். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். "சீனி வருத்தம், வாப்பா. ஒருத்தருக்கு வந்து மத்தவருக்கு ஏன் வரல்ல எண்டு பாக்குறாங்க" என்றாய். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. உன் உம்மாவுக்கு அந்த வருத்தத்தால் முதலில் ஒரு விரலும், பிறகு முழங்காலுக்குக் கீழே ஒரு காலும் போனதைப் பார்த்தவன் நீ. கடைசி வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவளைக் குழந்தை மாதிரித் தூக்கித் திரிந்தவன் ஹஸன். உலகத்தில் பொய் சொல்ல எத்தனையோ வருத்தம் இருக்க, உன் உம்மாவைக் கொண்டுபோன வருத்தத்தையா எடுத்தாய்? நீ யாரை விரும்புகிறாய் என்பது எனக்குப் பெரிய அடிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இரண்டாவது அடி. முதல் அடி இந்தப் பொய். இன்றைக்கும் நெஞ்சில் குத்துவது அதுதான்.

நீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் எவ்வளவு சந்தோஷமாய்ப் பதில் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. சின்ன வயதில் உங்கள் இருவரையும் ஊர் ஆட்கள் பிரித்து அறிந்தார்களா என்று கேட்டாய். எங்கே அறிந்தார்கள், ஓதக் கொடுத்த ஹஸ்ரத் இருவரையுமே "இங்க வா இரட்டை" என்றுதான் கூப்பிட்டார் என்றேன். பல் யாருக்கு முதலில் விழுந்தது, பிறக்கும்போது யாருக்கு நிறை கூட, ஒரே மாதிரி உடுப்புப் போட்டீர்களா என்று கேட்டாய். பிறகு, யார் பந்தடிக்கப் போனது, யார் உம்மாவோடு குசினியில் நின்றது என்று கேட்டாய். நீதான் நின்றாய், ரொட்டிக்கு மாக் குழைக்க அந்தக் கைப்பக்குவம் உன்னிடம்தான் இருந்தது என்றேன், சிரித்துக்கொண்டு. சீனி வருத்தத்துக்கும் ஒருவன் குசினியில் நின்றதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? வகுப்பில் ஒரு பொடியன் இப்படிச் சம்பந்தமில்லாமல் ஒரு பரிசோதனையை எழுதிக்கொண்டு வந்தால் கொப்பியை வெளியே வீசியிருப்பேன். கேட்பது மகன் என்றதும் என் விஞ்ஞானம் வாயைப் பொத்திக்கொண்டது. கடைசியாக ஒன்று கேட்டாய்: "ரெண்டு பேரையும் ஒரே மாதிரித்தானே வளத்தீங்க, வாப்பா? வித்தியாசம் ஒண்டும் காட்டல்லதானே?" "ஓம்" என்றேன். அந்த "ஓம்" பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு கிழமையில் பார்சல் வந்தது. சின்னக் குழாய் ஒன்று, எச்சில் துப்பித் திருப்பி அனுப்ப. கையெழுத்து வைக்க ஆங்கிலத்தில் நான்கு தாள். துப்புவதற்கு முன் அரை மணிநேரம் வாயில் ஒன்றும் போகக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். நோன்பு காலம்தானே, விடியற்காலையிலிருந்து வாய் வெறும் வாய்தான், இதைவிடச் சுத்தமான மாதிரி அவர்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று நான்தான் ஹஸனை அஸருக்குப் பிறகு பிடித்து உட்காரவைத்தேன். உப்பளத்தில் லொறி ஏற்றிவிட்டுக் களைத்து வந்தவன், உதடு வெடித்திருந்தது. "வாப்பா, துப்பினா நோன்பு முறியாதா?" என்றான். "முறியாதுடா. துப்பு" என்றேன். காய்ந்த வாயில் எச்சில் எங்கே வருகிறது? கஞ்சி கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, வாசத்தைப் பிடி, வாய் ஊறும் என்று உட்காரவைத்தேன். இருவரும் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. குழாய் நிறைய முக்கால் மணிநேரம் எடுத்தது. பிறகு அந்த நான்கு தாளையும் நீட்டி "சைன் வை" என்றேன். அவன் ஒரு தாளைக் கூடப் பிரட்டிப் பார்க்கவில்லை. "உம்மாட வருத்தத்துக்கு ஒரு மருந்து வந்தா நல்லம்தானே" என்று சொல்லிக்கொண்டே வைத்தான். அவனுக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஓடும். நானும் வாசிக்கவில்லை. மகன் அனுப்பிய தாளை யார் வாசிப்பார்கள்?

இனி நடந்ததைக் கேள். பதினைந்து நாளைக்கு முன், அந்த ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து ஹஸனின் போனுக்கு ஒரு கடிதம் வந்தது. நீண்ட ஆங்கிலம். அவன் வழக்கப்படி அதை ஸுமையாவுக்கு அனுப்பி "இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க, சீனி வருத்த விசயம்" என்றிருக்கிறான். ஸுமையா அவனுக்குப் பேசி முடித்திருக்கிற பெண். மதுரங்குளியில் ஆங்கில டீச்சர். அவள் வாசித்திருக்கிறாள். ஒருவராவது தன் பாலினத்தவர் மீதே விருப்பம் கொண்டிருக்கிற இரட்டையர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று முதல் வரியிலேயே இருந்ததாம். கலந்துகொண்டதற்கு நன்றியாம். இன்னும் சில கேள்விகளாம்: எந்த வயதில் யார் மீது மனம் போயிற்று, அதை யாரிடம் சொன்னீர்கள் என்று. உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை; அந்த ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது. அவள் ஹஸனுக்குப் போன் எடுத்து, "நீங்க இதை வாசிச்சிட்டா எனக்கு அனுப்பினீங்க?" என்றிருக்கிறாள். அவன் பாலாவிச் சந்தியில் லொறியை ஓரம் கட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தபடி நின்றானாம். அவள் முழுதையும் தமிழில் சொன்னாளாம்.

அன்று பின்னேரம் உனக்கு எடுத்தேன். நீ மறைக்கவில்லை. "நான்தான் வாப்பா அது" என்றாய். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று நினைவில்லை. நீ அழுதாய். "என்னைப் போலவே ஒருத்தன் இரிக்கான் வாப்பா. ஒரே வயிறு, ஒரே ரத்தம், ஒரே முகம். அவன் இப்பிடி இல்ல, நான் இப்பிடி. அது ஏன் எண்டு எனக்குத் தெரிய வேணாமா? பதினெட்டு வயசிலேருந்து நான் கேக்கிற கேள்வி இது" என்றாய். நியாயமான கேள்வி. ஒரு விஞ்ஞான வாத்தியாரின் மகன் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அதை உன் வாப்பாவிடம் கேட்காமல், உன் வாப்பாவை வைத்துக் கேட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் ஹஸனும் உனக்குக் குடும்பமா, இல்லை பரிசோதனைக்கு எடுத்த மாதிரிப் பொருளா? உண்மையைச் சொன்னால் நாங்கள் மறுத்திருப்போம் என்றாய். ஓம், மறுத்திருப்போம். மறுக்கிற உரிமை எங்களுக்கு இருந்தது, மகன். அதைத்தான் நீ களவெடுத்தாய்.

நான்காம் நாள் ஸுமையாவின் வாப்பா எங்களை வரச் சொன்னார். மதுரங்குளியில் போறணை அடுப்பு வைத்துப் பாண் சுடுகிற பேக்கரிக்காரர், நல்லவர், என்னை "சேர்" என்றுதான் கூப்பிடுவார். தேத்தண்ணி வந்தது, யாரும் தொடவில்லை. அவர் ஹஸனைப் பார்த்து நேரே கேட்டார்: "மகன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒண்டே ஒண்டுதான் தெரியோணும். அதுல எழுதியிருக்கிறது நீங்களா, அவரா?" ஹஸன் தரையைப் பார்த்தபடி இருந்தான். தான் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவனுக்கு எல்லாம் சரி. ஆனால் தான் இல்லை என்றால் அது நீ என்று ஆகிவிடும். இரட்டையில் ஒருவன் என்று எழுதியிருக்கும்போது அவன் வேறு எப்படித் தப்புவது? உன்னைக் காட்டிக் கொடுக்காமல் தன்னைக் காப்பாற்ற அவனுக்கு வழி இருக்கவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. கட்டப்போகிற பெண் கதவுச் சீலைக்குப் பின்னால் நிற்கிறாள், அவள் வாப்பா பதிலுக்குக் காத்திருக்கிறார், இவன் கல்லுப்போல இருக்கிறான்.

சும்மா இருக்க முடியாமல் நான் வாத்தியார் வேலையைத் தொடங்கினேன். இரட்டையர் ஆராய்ச்சி என்றால் என்ன என்று சொன்னேன். ஒரு கரு இரண்டாகப் பிரிந்து வருகிற பிள்ளைகள் ஒரு வகை, இரண்டு கரு ஒரே நேரத்தில் வயிற்றில் தங்கி வருகிற பிள்ளைகள் இன்னொரு வகை. இந்த இரு வகைச் சோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு குணம் முதல் வகைச் சோடிகளில் இருவருக்கும் சேர்ந்து வருவது கூட என்றால், பிறப்போடு வந்த பங்கு ஒன்று அதில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் முதல் வகையிலும் எத்தனையோ சோடியில் ஒருவர் அப்படி, மற்றவர் இப்படி. ஆகவே மரபணு மட்டும் முழுக் காரணம் இல்லை. வயிற்றுக்குள் நடந்ததா, பிறகு நடந்ததா, தற்செயலா, யாரும் இன்னும் அறுதியாகச் சொல்லவில்லை. இதையெல்லாம் சொன்னேன். அந்த மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், எனக்கு இந்த மரபணு விளங்காது. ஒரே அச்சுல ஊத்தின பிள்ளைகள். ஒண்டு அப்பிடி எண்டா மத்ததும் அப்பிடித்தானே?" என்றார். விளங்கவைக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது எனக்கு. "ஒரே மாவில உருட்டின ரெண்டு பாண எடுங்க. ஒண்டு போறணை வாய்ப்பக்கம், மத்தது உள்பக்கம். ரெண்டும் ஒரே மாதிரியா வருது?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். முகம் தெளிந்தது. "வராதுதான்" என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப கருகின பாண் எது, சேர்?"

நான் சொன்னேன், மகன். "மத்தவன். வெளிநாட்டில இரிக்கிறவன்" என்று சொன்னேன். கருகினது என்ற சொல்லை மறுக்கக் கூட இல்லை. ஹஸன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "உங்களிட்ட ஆரு கேட்டது, வாப்பா?" என்றான். எழும்பி வெளியே லொறிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. சீலைக்குப் பின்னாலிருந்து ஸுமையாவின் குரல் வந்தது: "ஆரு எண்டு எனக்குத் தெரியத் தேவல்ல, வாப்பா. என்னைக் கட்டப்போறவர் என்னட்டப் பொய் சொல்லாட்டிப் போதும்." கெட்டிக்காரப் பிள்ளை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருக்கும் வராத புத்தி அவளுக்கு வந்தது.

உன்னை அவ்வளவு லேசாக எப்படிக் காட்டிக் கொடுத்தேன் என்று பதினோரு நாளாக என்னையே கேட்கிறேன். பதில் ஒன்றுதான். ஒருமுறை உன்னைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டதற்கு, இப்போது வட்டியும் முதலுமாய்ச் சொல்லிவிட்டேன். நீ மறந்திருக்கமாட்டாய். நீங்கள் ஏ.எல். சோதினை எழுதி முடித்த மாதம். உப்பளக் காவல்காரன் ஒருவன் என்னைத் தெருவில் மறித்து, உங்கள் இரட்டையில் ஒருவன், நீலச் சேட்டுக்காரன், உப்புக் கொட்டிலுக்குப் பின்னால் இன்னொரு பொடியனோடு கைகோத்துக்கொண்டு இருந்தான், இருக்கிற மாதிரி நல்லாயில்லை சேர் என்றான். நீலச் சேட்டு ஹஸனுடையது. எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடப் பிரம்பை எடுத்து, கதிரையில் இருந்தவனைக் கையைப் பிடித்து எழுப்பினேன்.

இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் மாறிப்போயிற்று என்று. உங்களைப் பெற்றவன் நான். யார் செய்தது என்று முகத்தில் தெரியாவிட்டாலும் அடியில் தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ அடி விழமுன்னமே வீடு அதிரக் கத்துவாய். ஹஸன் தப்புச் செய்திருந்தால் தலையைக் குனிவான், செய்யாவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்து நிற்பான். நின்றான். "என்னத்துக்கு வாப்பா?" என்று மட்டும் கேட்டான். எதற்கென்று என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது நீ குசினிக் கதவடியில் நின்றாய், முகம் வெளிறிப்போய். உன்னைப் பார்த்தான், அவனுக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவன் கேட்கவில்லை. சேட்டை நீ இரவல் எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய் என்று எனக்கும் அப்போதே விளங்கிற்று. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உன்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். அந்தப் பயத்துக்காக, ஒன்றும் செய்யாத பிள்ளையைத் தெரிந்துகொண்டே இன்னும் ஆறு அடி அடித்தேன். நீ கதவடியிலேயே நின்றாய், நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லாததற்கு உன்னை இன்றைக்கு நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிரம்பைப் பார்த்து யார் சொல்வார்கள்? மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் விழுங்கினோம். அடுத்த மாதமே உன்னைப் படிப்பு என்று சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினேன், அங்கிருந்து கடல் தாண்டி. படிப்புக்காக இல்லை. உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அதனால் அனுப்பினேன். ஹஸனை உப்பளத்தில் விட்டேன். அவன் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது அந்த "ஓம்" உனக்கு விளங்குகிறதா? ஒரே மாதிரி வளர்த்தீர்களா என்று நீ கேட்டபோது நான் சொன்னது அது. இந்த ஆராய்ச்சியின் அத்திவாரமே அதுதான் என்று எனக்குத் தெரியும். இரட்டையர் இருவரையும் வீடு ஒரே விதமாக நடத்தியது என்று நம்பித்தான் அவர்கள் மற்றதெல்லாம் கணிக்கிறார்கள். ஒருவனை அடித்து வைத்துக்கொண்டு, மற்றவனை அடிக்காமல் துரத்தினேன். அடியா, துரத்தலா, இரண்டில் எது ஒரு பிள்ளையை எப்படி ஆக்குகிறது என்று எந்தக் குழாய் எச்சிலில் கண்டுபிடிப்பார்கள்? நீ முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தாய் என்பது எனக்குத் தெரியும். என் பிரம்பு உன்னை ஆக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. ஆனால் என் பதில் பொய். உன்னுடைய பொய்யின் மேல் என்னுடையதையும் வைத்து அந்தப் பேராசிரியருக்கு அனுப்பியிருக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் சேர்ந்து உழைத்திருக்கிறோம். ஆகவே நீ அவர்களுக்கு எழுது. ஹஸனிடம் என்ன சொல்லி எச்சிலும் கையெழுத்தும் வாங்கினாய் என்று ஒளிக்காமல் எழுது. அவனுடைய குழாயை எறியச் சொல். திரும்பச் சேர்க்க வேண்டுமென்றால் அவனிடம் நீயே கேள், முகத்தைப் பார்த்து. என் பதில் பொய் என்றும் எழுது, வெட்கப்படாதே, வெட்கம் என்னுடையது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று உனக்கு ஓதிக் காட்ட நான் இதை எழுதவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் எனக்குள் நடக்கிற சண்டை தொழுகையில் எனக்கும் ரப்புக்கும் இடையில் நடக்கட்டும். இந்த நாட்டுச் சட்டமும் உன் பக்கம் இல்லை, அந்தப் பயமும் எனக்கு உண்டு. நான் இதற்குச் சம்மதம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நீ என் பிள்ளை இல்லை என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய்.

இனி எழுதக் கஷ்டமானது. அன்று ஹஸன் லொறிக்குப் போன பிறகு, ஸுமையாவின் வாப்பா என் கையைப் பிடித்தார். "சேர், பிள்ளையில எனக்குக் குறையில்ல. நிக்காஹ் நடக்கட்டும். ஆனா அந்தத் தம்பி வரக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே முகத்தோட மேடையில நிண்டா, சனம் ஒருத்தரப் பாத்து மத்தவரக் கதைக்கும். லீவு கெடைக்கல்ல எண்டு சொல்லிருவம்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்ற பயம் அவருக்கும். நான் அதற்கும் "ஓம்" என்றேன். யோசிக்கக் கூட இல்லை. ஹஸனுக்கு இது தெரியாது. அவன் உன்னைத் தன் மாப்பிள்ளைத் தோழனாக நிறுத்த நினைத்திருக்கிறான். தையல்காரனிடம் தன் அளவையே கொடுத்து இரண்டு கோட் தைக்கச் சொல்லியிருக்கிறான். உன்மேல் அவனுக்கும் கோபம்தான், ஆனாலும் இரண்டு கோட். நீ வராதே என்று நல்ல வார்த்தையில் உனக்கு எழுதத்தான், மகன், நான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். உன் பொய்யை முன்னுக்கு வைத்தால், வராதே என்று சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, இரண்டாம் தடவையும் உன்னை நான்தான் துரத்தப் பார்க்கிறேன் என்று. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை. எப்போது ஆறும் என்றும் தெரியாது. அந்தக் கோபத்தோடேயே சொல்கிறேன், டிக்கெட்டைப் போடு.

இதைத் தபாலில் போட்டால் நிக்காஹ் முடிந்துதான் உனக்கு வந்து சேரும். எனக்குப் போனில் இந்த வேலையெல்லாம் தெரியாது. தாள்களைப் படமெடுத்து உனக்கு அனுப்ப வேண்டியவன் ஹஸன்தான், அவன் எடுக்கும்போது வாசிப்பான். வாசிக்கட்டும்.

ஹஸன் மகன், இந்த இடத்துக்கு வந்துவிட்டாய் என்றால் எல்லாம் தெரிந்துகொண்டாய். அன்றைக்கு ஆள் மாறியது எனக்குத் தெரியும். மதுரங்குளியில் நீ வெளியே போன பிறகு நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்பதும் மேலே இருக்கிறது. நாளைக் காலை போய் அந்த வாக்கைத் திருப்பி எடுக்கப் போகிறேன். நீ ஏற்றிக்கொண்டு போனால் லொறியில், இல்லாவிட்டால் பஸ்ஸில். அதனால் உன் நிக்காஹ் உடைந்தாலும் உடையும், அதை உன்னிடம் மறைக்கவில்லை. உன்னைக் கேட்காமல் உன் முதுகை எடுத்தேன், உன் எச்சிலை எடுத்தேன், உன் கையெழுத்தை எடுத்தேன். இந்தத் தாள்களிலும் உன் விஷயம்தான் பாதி. இதை உன் தம்பிக்கு அனுப்பலாமா என்று இப்போது உன்னிடம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.